மஞ்சள் பட்ட நோட்டு

எந்த ரூபாய் நோட்டைக் கொடுத்தாலும் அக்கா முதலில் முகர்ந்துதான் பார்ப்பாள். நம்பர், கையெழுத்து, மடிப்பு எல்லாம் அப்புறம். ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் ரத்த ரிசல்ட் வாங்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு முகம் உண்டே, அந்த முகம் அப்போது அவளுக்கு வந்துவிடும். பிறகு மூச்சை விட்டு, "ம், சரி" என்பாள். அதற்குப் பிறகுதான் வியாபாரம்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆந்திராவில் முறுக்குக் கம்பெனி, சத்தீஸ்கரில் போர்வெல் லாரி, நடுவில் சேலத்தில் ஒரு ஹோட்டலில் இலை எடுத்தது என்று கொஞ்ச காலம் போனது. முறுக்குச் சட்டி எண்ணெய் இடது கையில் கொட்டிய பிறகு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். திருமங்கலத்தில் நாலு பேரோடு ஓர் அறை. அது பூட்டியிருந்தால் பஸ் ஸ்டாண்டு. பழைய மொபெட் ஒன்றை வைத்துக்கொண்டு டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பித்தளை, ஓடாத ரேடியோ, கால் உடைந்த பீரோ என்று வாங்கி விற்றேன்.

அப்படி வாங்கிய ஒரு பீரோவின் இழுப்பறையில், விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில், பழைய இரண்டு ரூபாய் நோட்டுகள் மடிப்பில்லாமல் படுத்துக் கிடந்தன. டீக்கடையில் காட்டினேன்.

"மாப்ள, இதுக்குன்னே வாங்குறவக இருக்காக. வில்லாபுரத்துல ஒரு அக்கா வாங்குது. ஆனா அது ஒரு மாதிரி" என்றான் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவன்.

"ஒரு மாதிரின்னா?"

"பயந்த மாதிரி."

அக்காவுடையது மாடி வீடு. அவனியாபுரம் பக்கம் இறங்குகிற விமானங்கள் தலைக்கு மேலே தாழ்வாகப் போகும். ஒவ்வொரு விமானத்துக்கும் அக்கா மேசை மேல் கிடக்கும் நோட்டுகளைக் கையால் பொத்திக்கொள்வாள், கோழி குஞ்சைப் பொத்துவது போல. நோட்டு வெளியே இருக்கிற நேரத்தில் ஃபேன் ஓடக் கூடாது. அடுப்பு எரியக் கூடாது. அந்த அறையில் டீ, தண்ணீர் எதுவும் கிடையாது. வருகிறவர்கள் கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

"ஃபேனப் போடுக்கா, வேகுது" என்று ஒரு நாள் சொன்னேன்.

"வேகட்டும். ஒன்னைய வேக வச்சா ஒண்ணும் கொறையாது. நோட்டு பறந்து முனை மடங்குனா நீயா தருவ?"

புருஷன் வேன் டிரைவராக இருந்து இறந்துபோனவர். ஒரே மகள்; பக்கத்திலேயே கட்டிக்கொடுத்திருந்ததால் பாதி நாள் இங்கேதான் இருப்பாள். அக்கா பல வருடம் ஒரு ஜவுளிக்கடையில் கேஷ் கவுன்டரில் இருந்தவள். கைக்கு வருகிற நோட்டுகளில் 786 என்று முடிகிற நம்பரைக் கண்டால் தன் காசை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொள்வாள். பக்கத்துத் தெருவில் பிரியாணிக் கடை வைத்திருந்த பாய் அதைக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்வார். தொழில் அப்படித்தான் தொடங்கியது. பிறகு பழைய நோட்டுகள், நம்பருக்கு முன்னால் நட்சத்திரம் போட்ட நோட்டுகள், அச்சுப் பிழையான நோட்டுகள் என்று வளர்ந்தது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எப்போதும் ஒரே அறிவிப்பு வைத்திருப்பாள். 'பழைய ரூபாய் நோட்டுகள் நல்ல விலைக்கு வாங்கப்படும். மஞ்சள் பட்டது வேண்டாம்.' நான் போகிற ஊர்களில் அந்தப் படம் கைமாறிக் கைமாறி எல்லார் போனிலும் இருந்தது.

மஞ்சள் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காய்ச்சலுக்கோ, கல்யாணம் தள்ளிப்போவதற்கோ சாமியை வேண்டிக்கொண்டு, ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து படத்தில் மாட்டாத வீடு இந்தப் பக்கம் கிடையாது. கோயிலுக்குப் போகிற அன்றைக்கு முடிச்சு அப்படியே உண்டியலுக்குப் போகும். அதுவரை அது வீட்டில் இருந்தாலும் வீட்டுக்காசு இல்லை. சில வீடுகளில் போவது தள்ளிப்போகும். முடிந்தவர் செத்தும் போவார். பின்னால் வருகிறவர்கள் பழைய நோட்டுக்கு விலை உண்டு என்று கேள்விப்பட்டு அவிழ்ப்பார்கள்.

"என்னக்கா, நோட்டுக்கும் தீட்டா?" என்று கேட்டுச் சிரித்தேன், பழகிய புதிதில்.

அவள் சிரிக்கவில்லை. "தீட்டு இல்ல தம்பி. மஞ்சள் பட்டது நம்மளுது இல்ல. அம்புட்டுத்தான்."

ஒரு மத்தியானம் திருமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தார். ஷாம்பு போட்டுக் குளித்த மாதிரி சுத்தமான நோட்டுகள், பெரிய அளவு நூறு ரூபாய். நானும் அங்கே இருந்தேன். அக்கா முகர்ந்தாள். முகம் தெளியவில்லை. எழுந்து ஜன்னல்களைச் சாத்தி, வங்கிக் கவுன்டரில் வைத்திருப்பார்களே ஊதா வெளிச்சம், அந்த டார்ச்சை அடித்தாள். முதல் நோட்டு இருண்டு கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதின் ஓரத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு விரல் தடம் பளிச்சென்று எரிந்தது. ரேகை ரேகையாக. பெண்பிள்ளை விரல். மஞ்சள் குழைத்த கையோடு யாரோ முடிச்சுப் போட்டிருக்கிறாள். அவள் விரல் இத்தனை வருடம் கழித்தும் அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"டீக்கறைக்கா அது" என்றார் வந்தவர்.

"சோப்புத் தண்ணி தொட்டுப் பாக்கட்டுமா?"

"பாருங்க. எனக்கென்ன."

பஞ்சுத் துணுக்கைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அந்த இடத்தைத் தொட்டாள். தொட்ட இடம் மெதுவாகச் சிவந்தது. மஞ்சளில் சோப்போ சுண்ணாம்போ பட்டால் சிவக்கும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த இடத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. பூராத்தையும்."

"ஒண்ணுலதான இருக்கு. மத்ததை எடுத்துக்கங்க."

"ஒரே முடிச்சுல இருந்ததுதான எல்லாம். போயிட்டு வாங்க."

அவர் போனதும் மேசையைத் துடைத்தாள். தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். "நீயும் கால் கைய கழுவிட்டுப் போ" என்றாள். நான் கழுவினேன். சிரிக்கத் தோன்றவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு கிரேடிங் என்றால் ஆரம்பத்தில் ஆகாது. நோட்டை வடக்கே ஒரு கம்பெனிக்கு அனுப்பினால், அவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் வைத்து ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். உறையைப் பிரித்தால் மார்க் செல்லாது. அக்காவிடம் நோட்டு வாங்குகிற ஐடி கம்பெனிப் பையன் ஒருவன் சென்னையில் இருந்தான். அவன்தான் ஓயாமல் சொல்வான்.

"கிரேடு பண்ணிருங்கக்கா. உறையில இருந்தா நான் கண்ண மூடிட்டு வாங்குவேன்."

"கண்ணத் தொறந்து வாங்குப்பா. அவன் கூலி, கூரியரு, இன்சூரன்சு, ரெண்டு மூணு மாசம் காத்துக் கெடக்கணும். சுண்டக்கா கால் பணம், சுமகூலி முக்காப் பணம். நீ குடுக்குற வெலைக்கு நோட்டு கசங்காம இருந்தாப் போதும்."

போனை வைத்துவிட்டு எங்களிடம் கேட்டாள். "அது என்ன எழுபது? ஃபுல் மார்க்கு எழுபதுன்னா மிச்ச முப்பது எங்க?"

"பிராக்டிகலுக்கும்மா" என்றாள் உள்ளே இருந்து மகள்.

கடைசியில் அந்தப் பையனின் தொல்லை தாங்காமல் இரண்டு நோட்டை அனுப்பினாள். ஒன்று நல்ல மார்க்கோடு வந்து, கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கு விற்றது. மற்றது மார்க் இல்லாமல் வந்தது. கழுவி இஸ்திரி போட்ட நோட்டு என்று எழுதியிருந்தார்கள். அக்காவின் மூக்கும் டார்ச்சும் சரி என்று விட்ட நோட்டு அது. விற்ற நோட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குத் தம்பி கழுவிருப்பாக?"

"டீ கொட்டிருக்கும்க்கா. எண்ணெ பட்டிருக்கும்."

"மஞ்சளா இருந்தா?"

அன்றிலிருந்து கொஞ்சம் விலை பெறுகிற நோட்டு எது வந்தாலும் அனுப்பத் தொடங்கினாள். ஊரில் எல்லாரும் விலை ஏறும் என்று கிரேடிங்குக்கு அனுப்புவார்கள். இவள் தன் கண்ணுக்குத் தப்பியது ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அனுப்பினாள். லாபத்தில் பாதி அதிலேயே போனது. உறை திரும்பி வந்தால் பெரிய எழுத்தில் இருக்கிற மார்க்கைப் பார்க்க மாட்டாள். மகளைக் கூப்பிட்டு, "கீழ சின்ன எழுத்துல என்னமும் போட்டிருக்கா, படி" என்பாள். "ஒண்ணும் இல்லம்மா" என்ற பிறகுதான் உட்காருவாள்.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து மகளுக்குப் பிள்ளை தங்கியது. மருமகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ஐந்தாம் மாதமே டாக்டரம்மா படுக்கையில் இருக்கச் சொல்லிவிட்டார். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். தனியார் ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும், குறைப்பிள்ளையாகப் பிறந்தால் பெட்டியில் வைக்க வேண்டியிருக்கும், செலவுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றார்கள். மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தாள் அக்கா. அந்த வீட்டில் அதற்கு முன் விமானத்துக்குத்தான் பயந்தார்கள். இப்போது மகள் பாத்ரூம் போகிற சத்தத்துக்கும் பயந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்த ஆயிரம் ரூபாய் நோட்டு கிடைத்தது. கல்லுப்பட்டியிலிருந்து உள்ளே போகிற ஒரு கரிசல்காட்டு ஊர். பித்தளை அண்டா வாங்கப்போன வீட்டில் ஒரு பெரியவர், "இந்த நோட்டு போகுமாய்யா?" என்று எடுத்து வந்தார். பழைய காலத்துப் பெரிய ஆயிரம். பின்பக்கம் தஞ்சாவூர்க் கோயில் கோபுரம். அதில் அவ்வளவு நன்றாக இருந்த நோட்டை நான் பார்த்ததில்லை. அக்காவிடம் போனில் விலை கேட்டு, அவள் அனுப்பிய பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

அக்கா முகர்ந்தாள். ஜன்னலைச் சாத்தி டார்ச் அடித்தாள். கோபுரம் இருட்டில் கிடந்தது. ஒரு புள்ளிகூட எரியவில்லை.

"ம், சரி" என்றாள். பிறகு, "இதுல எம்புள்ள ஆஸ்பத்திரி செலவு முடிஞ்சிரும் தம்பி" என்றாள். சந்தோஷமாகச் சொன்னதுதான். சொல்லிவிட்டு நோட்டை இன்னொரு முறை முகர்ந்தாள்.

வடக்கே அனுப்பினாள். ஐடி பையன் உறை வருவதற்கு முன்பே விலை பேசிவிட்டான். அது ஒரு புது பைக் விலைக்கு மேல்.

உறை வந்த அன்றைக்கு நானும் போயிருந்தேன். நல்ல மார்க்தான். மகள் கட்டிலில் படுத்தபடியே வாங்கிப் பார்த்தாள்.

"கீழ?" என்றாள் அக்கா.

மகள் உறையைக் கவிழ்த்து வைத்தாள்.

"கீழ என்னடி போட்டிருக்கு?"

"கறையை வெளுக்க வச்சிருக்காகன்னு போட்டிருக்கும்மா. லேசாத்தான். அந்தச் சென்னைப் பையனுக்கு போட்டோ அனுப்புறேன். கொஞ்சம் கொறைச்சுக் கேப்பான், குடுத்துருவோம்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மகளின் வயிற்றைப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள்.

"அதைக் கட்டில்ல இருந்து எடு. மொதல்ல எடு."

"எம்மா, எல்லாரும் ஏதாச்சும் கறையோடதான் வச்சிருப்பாக. அது மஞ்சள்னு யாரு சொன்னா?"

"இல்லைன்னு யாரு சொன்னா?"

மறுநாள் இருவரும் பஸ் ஏறினோம். அவள் மடியில் கைப்பை, கைப்பைக்குள் உறை. திருமங்கலம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவருக்கு நெஞ்சு வலி வந்தன்னைக்கு வீட்டுல காசு இல்ல. சாமி படத்துல முடிஞ்சிருந்த நூறு ரூவாய அவுத்துக்கிட்டு மெடிக்கலுக்கு ஓடுனேன். கடைக்காரர் மஞ்சளப் பாத்தாரு, என் மூஞ்சியப் பாத்தாரு, வாங்கிக்கிட்டாரு. மாத்திரைக் கவரோட வீட்டுக்கு வந்தேன்." கைப்பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, "கவரைப் பிரிக்கவே இல்ல தம்பி" என்றாள்.

மாத்திரை கொடுத்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும், போர்வெல் லாரியில் என் கண் முன்னால் ஒருவன் அப்படிப் போயிருக்கிறான் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் இறங்குகிற இடம் வந்துவிட்டது.

பெரியவரும் அவர் மனைவியும் வாசலில் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா உறையை எடுத்து நீட்டினாள். "இது முடிச்சுல இருந்ததாய்யா? உண்மையச் சொல்லுங்க."

"ஆமா தாயி" என்றார் அவர், வெகு சாதாரணமாக. "எங்க அய்யா பருத்தி வித்து மொதமொத ஆயிர ரூவாய முழு நோட்டாப் பாத்தாரு. அதையே கொலசாமிக்கு முடிஞ்சாரு. அந்த வருசம் பாத்து பங்காளிகளுக்குள்ள சண்ட, யாருக்கு மொத மரியாதைன்னு. கோயிலப் பூட்டுனாக. இன்னைக்கு வரைக்கும் பூட்டுத்தான்."

"அப்ப சாமி காச ஏன்யா வித்தீக?"

"சாமி காசு உள்ள பத்திரமா இருக்கே. இந்த ஆயிரம் செல்லாதுன்னாக. சாமிக்குச் செல்லாத நோட்ட குடுக்கலாமா? இதை எடுத்து வச்சுட்டு எங்க காசு பத்து நூற முடிஞ்சோம். முடிச்சு பெருசா இருக்குன்னு பெறகு ரெண்டு ஐநூறாக்குனோம். அதையும் செல்லாதுன்னுட்டாக. இப்ப அஞ்சு எரநூறு கெடக்கு. அதையாச்சும் விட்டு வைப்பாகளான்னு பாக்குறோம்." அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"மஞ்சள் எங்க போச்சு?"

"நீங்கதான மஞ்சள் பட்டது வேணாம்னு போன்ல போட்டிருந்தீக. மாடியில பலகை மேல விரிச்சு, மேல ஒரு கண்ணாடிய வச்சு, சித்திரை வெயில்ல போட்டோம். சேலையில மஞ்சள் பட்டா வெயில்ல போட்டா போகும்ல, அது மாதிரி. வாசமும் போயிருச்சு. இந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான் தாயி செய்றாக. ஒங்களுக்கு வார நோட்டுப் பூராவும் மாடியில காஞ்ச நோட்டுதான்."

அக்கா நோட்டுகளைச் சொருகி வைத்திருக்கும் ஆல்பங்கள் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. அலமாரி நிறைய, பக்கம் பக்கமாக. எந்த நோட்டு எந்த முடிச்சிலிருந்து வந்தது என்று இனி யாருக்குத் தெரியும்? அவள் வைத்த அறிவிப்புதான் ஊர் ஊராகப் போய் நோட்டை வெயிலில் போடச் சொல்லியிருக்கிறது.

"இதை நீங்களே வாங்கிக்கங்க. காசு வேணாம்" என்றாள்.

பெரியவர் கையை நீட்டினார். அவர் மனைவி அதுவரை பேசாமல் சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்தவர், எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு ஆத்தா திருப்பிக் கொண்டாந்த? ஒங்க வீட்டுல என்னமும் நடந்துருச்சா?"

அக்கா நீட்டிய கையை இறக்கவில்லை.

"சொல்லு ஆத்தா. மக முழுகாம இருக்கான்னு இந்தத் தம்பி அன்னைக்குச் சொல்லுச்சே. நல்லா இருக்காளா?"

அக்கா அழத் தொடங்கினாள். அந்த அம்மாள் இரண்டு அடி பின்னால் போனார். "வேணாம். இதை இங்க வைக்காத. எம் மருமகளும் முழுகாமத்தான் உள்ள இருக்கா" என்றார். பெரியவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். பூட்டிக் கிடக்கிற கோயில் இருக்கிற திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வந்தபோது அந்த வீட்டில் பயமே இல்லை. நாங்கள்தான் பயத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம்.

உறையோடு வில்லாபுரம் திரும்பினோம். அக்கா பூஜை அலமாரியைத் துடைத்து, மஞ்சள் நனைத்த துணியில் அந்த உறையை முடிந்து வைத்தாள். பிளாஸ்டிக் முனைகள் துணியைக் குத்திக்கொண்டு நின்றன. மகள் கட்டிலிலிருந்து கத்தினாள்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு? சாமிக்குப் பயந்து என்னைய எங்கயாச்சும் போட்ருவியாம்மா?"

"ஒன்னைய விடுவனாடி."

ஆல்பங்கள் எல்லாவற்றையும் விற்றாள். ஒரே வாரத்தில், கிடைத்த விலைக்கு. வாங்கினவர்கள் எல்லாரிடமும், "இதுல மஞ்சள் பட்டது இருக்கலாம், எனக்கே தெரியாது" என்று சொல்லித்தான் கொடுத்தாள். ஐடி பையன், "அதெல்லாம் கிரேடிங்ல ஒரு பாயின்ட் கொறையும், அவ்ளோதான்க்கா" என்றான். பிரியாணிக்கடை பாய், "நம்ம வீட்ல குழம்புக்குப் போடுறோம், இவ்வளவு பயப்படுறீங்களே தங்கச்சி. அல்லா பாத்துக்குவான்" என்று 786 ஆல்பத்தை எடுத்துக்கொண்டார். பணம் எதையும் அவள் கையில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கே நேராக ஜிபே பண்ணச் சொன்னாள்.

"அம்புட்டையும் வித்துட்டு அந்த ஒண்ண மட்டும் ஏன்க்கா வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"மத்தது யாருதுன்னு தெரியாது. இது யாருதுன்னு தெரிஞ்சுபோச்சே. கோயிலு என்னைக்குத் தொறக்குதோ அன்னைக்குக் கொண்டுபோய்க் குடுப்பேன். அதுவரைக்கும் அந்தச் சாமி எம்புள்ளையத்தான் பாத்துக்கிட்டு இருக்கும்."

நல்லதுக்குச் சொன்னாளா, பயந்து சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு முடிச்சைத் தொட்டுக்காட்டி, "உறை இருக்குறதால மஞ்சள் நோட்டுல எறங்காது பாரு. கிரேடிங்குக்குக் குடுத்த காசுக்கு இதுதான் பலன்" என்றாள்.

பிள்ளை எட்டாம் மாதமே பிறந்தது. பெண். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நான் பார்க்கப்போனபோது அக்கா வெளிக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எடை, நேரம், இன்னும் என்னவோ. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, கீழ சின்ன எழுத்துல என்னமோ போட்டிருக்கு. என்னன்னு பாரு."

எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் வரும். "டாக்டர் பேருக்கா" என்றேன். அது டாக்டர் பெயரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தது. அதற்குள் எனக்கும் இந்த ஊர் அலுத்துவிட்டது. நாக்பூர் பக்கம் ஒரு முறுக்குக் கம்பெனிக்கு ஆள் கேட்டார்கள். போகுமுன் பார்த்துவிட்டு வரலாம் என்று வில்லாபுரம் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று நாட்டு மருந்துக்கடையில் குளிப்பாட்டுவதற்குக் கஸ்தூரி மஞ்சள் பொடி கேட்டேன். கடைக்காரர் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பெண்பிள்ளைதானே, எல்லாரும் வாங்கிப்போவதுதானே என்று வாங்கித் தோள்பைக்குள் வைத்தேன். மேற்கொண்டு யோசிக்கவில்லை.

நோட்டுகள் போன பிறகு அங்கே யாரும் கை கழுவச் சொல்வதில்லை. குளியல் நேரம். பிள்ளை குளிப்பாட்டுகிற அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, கால் மேல் பிள்ளையைப் போட்டிருந்தார். மகள் வெந்நீர் கலந்துகொண்டிருந்தாள்.

"வாங்க மாமா" என்றாள் மகள். "நாக்பூராமே. அங்கயாச்சும் ஒரு எடத்துல இருங்க."

"பயத்தமாவு மட்டும் வச்சிருக்கீக. மஞ்சள் எங்க?" என்று கேட்டார் குளிப்பாட்டுகிறவர்.

"மஞ்சள் வேணாம்" என்றாள் அக்கா.

"பொம்பளப் புள்ளைக்கு மஞ்சள் இல்லாமயா? ரோமம் கொட்ட வேணாமா? ஒரு சிட்டிகை குடுங்க."

"வேணாம்னா விடுங்களேன்."

அந்த அம்மாள் மகளைப் பார்த்தார். மகள் தலையை ஆட்டி, விட்டுவிடுங்கள் என்று சைகை காட்டினாள். குளிப்பாட்டித் துவட்டி அக்காவின் கையில் கொடுத்தார்கள். அக்கா பிள்ளையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். உச்சந்தலையில் மூக்கை வைத்துக் கண்ணை மூடினாள். எனக்கும் மகளுக்கும் அது என்ன என்று தெரியும். யாரும் அசையவில்லை.

"ம், சரி" என்றாள்.

அவளுக்குப் பின்னால் பூஜை அலமாரியில் முடிச்சு இருந்தது. கோயில் இன்னும் திறக்கவில்லை. பிள்ளை என்னைப் பார்த்துக் காலை உதைத்தது. பாதம் என் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. பிடித்துப் பார்த்தேன், விட்டேன். என் தோள்பையை அவிழ்க்கவே இல்லை.

"போய்ட்டு வாரேன்க்கா."

"பாத்துப் போ. தண்ணிய மாத்தி மாத்திக் குடிக்காத."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டபோதுதான் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பொடி ஒட்டியிருந்தது. பொட்டலம் கடையிலேயே ஓரம் பிரிந்திருக்க வேண்டும். விரலை முகர்ந்து பார்த்தேன்.

அந்தக் கையால்தான் பிள்ளையின் காலைப் பிடித்திருந்தேன். அவள் முகர்ந்தது தலையை மட்டும்தான்.